முப்பது கிலோ குளிர்

கலேவெல,
12 ஜனவரி 2025

துஷிக்கு,

அந்த மலையில் போன் எடுக்காது என்பது உங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! எனக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது. கடிதத்தில் கத்த வழியில்லை, அதனால் நல்ல பிள்ளையாக எழுதுகிறேன். சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போகும் நளீம் நானாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன். அங்கிருந்து ரத்தோட்டை பஸ், பிறகு உங்கள் தோட்டத்துத் தப்பால்காரர். கவரில் பச்சை மிளகாய் வாசம் அடித்தால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

விஷயம் இதுதான். நாம் இருவரும் மாறி மாறி ஓட்டிய விமானம், இப்போது நான் மட்டும் ஓட்டுகிற விமானம், அதன் ஏசி செத்துவிட்டது. போன வாரம் சிகிரியாவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு கரகரப்பு, பிறகு வெறும் சுடுகாற்று. பின்னால் இருந்த வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி மனைவிக்கு விசிறிக்கொண்டே வந்தார். இறங்கியதும் "ரொம்ப அழகு" என்றார். மலையைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா தெரியவில்லை.

பஸ்லி ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். விமானத்துக்குச் சொந்தக்காரர் என்ற பெருமையெல்லாம் அவருடைய ஹோட்டல் வாசலோடு சரி. "மகள், நான் சோறு போடுற மனுசன். ஆகாசத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீங்களும் துஷ்யந்தனும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க, நான் செஞ்சி தாறேன்" என்றார். நாம் பேசிக்கொள்கிறோம் என்று அவர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

பெப்ரவரியில் வருடாந்தப் பரிசோதனைக்குக் கொழும்பிலிருந்து இன்ஜினியர் வருகிறார். அப்போது ஒன்று அதைப் பழுது பார்க்க வேண்டும், இல்லையென்றால் கொம்ப்ரசர், குழாய்கள், பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் அடியோடு கழற்ற வேண்டும். முப்பது கிலோ. செத்ததைச் சுமந்துகொண்டு பறப்பதில் அர்த்தமில்லை.

நான் பழுது பார்க்கலாம் என்கிறேன். காரணம் பயணிகள் இல்லை, நீங்கள். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. உடம்பு சூடேறினால் கண் மங்கும், குளிர்ந்தால் திரும்பும், நரம்பு அப்படி. இனி ஓட்டக் கூடாது என்றார், சரி. பக்கத்தில் உட்காரக் கூடாது என்றா சொன்னார்? படுக்கை அறையில் ஏசி பூட்டினோம். அதற்குள் அடைந்து கிடந்துவிட்டு "ஐஸ் பெட்டியில வெச்ச மீன் மாதிரி இருக்கேன் சுரே" என்றீர்கள். விமானத்தில் அப்படிச் சொன்னதே இல்லை. இந்த வறண்ட பக்கத்தில் நீங்களும் நானும் சந்தோஷமாக இருந்த ஒரே குளிர்ந்த அறை அதுதான், அதுவும் ஆகாயத்தில்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

சுரேகா


ரத்தோட்டைக்கு மேலே,
20 ஜனவரி 2025

சுரே,

மிளகாய் இல்லை, கத்தரிக்காய். கவரின் மூலையில் நீலக் கறை. தப்பால்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

கழற்று.

ஒரு வரி கேட்டாய், ஒரு சொல்லிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ விடமாட்டாய், அதனால் காரணமும் எழுதுகிறேன். நம் ஓடுபாதை குட்டை. அதன் கடைசியில் பாலை மரங்கள். வெயில் ஏறிய பிறகு காற்று மெலிந்துவிடும், விமானம் எழும்ப அழும். அந்த நேரத்தில் முப்பது கிலோ என்பது ஒரு பிள்ளையும் அதன் பையும். பயணிகளுக்குக் குளிர் வேண்டுமென்றால் காலையில் கூட்டிக்கொண்டு போ. மேலே போனால் இயற்கையே குளிரூட்டும், அதற்கு உதிரிப்பாகம் தேவையில்லை.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் கிருஷ்ணம்மா அக்காவின் வீட்டுப் பின்னறையில் படுக்கை. தோட்டத்தின் ஏலக்காய் ஸ்டோரில் எழுத்து வேலை. காய வைக்கும் அறைப் பக்கம் மட்டும் என்னை விடுவதில்லை, அங்கே சூடு. காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்துவிடும். முற்றத்தில் நடந்தால் முழங்காலுக்குக் கீழே நானே எனக்குத் தெரிவதில்லை. கண் மங்கியதால் இல்லை, பனியால். அந்த வித்தியாசம் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது. இந்தப் பனியில் யாருக்குமே கண் தெரியாது, எனக்கு மட்டும் என்று இல்லை.

என் இருக்கைக்காக நீ எதையும் சுமக்காதே. நான் அங்கே வரமாட்டேன்.

துஷ்யந்தன்


கலேவெல,
29 ஜனவரி 2025

துஷிக்கு,

"துஷ்யந்தன்" என்று முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வங்கிக்கா எழுதினீர்கள்?

பாலை மரங்களைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். அவற்றை நான்தான் தினமும் தாண்டுகிறேன். நீங்கள் சொல்லும் காரணம் எல்லாம் உண்மைதான், ஆனால் அது உங்கள் காரணம் இல்லை. பத்து வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது கூடவா தெரியாது?

அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? பல்லேகமப் பக்கம் வயல்களுக்கு மேலே வந்துகொண்டிருந்தோம். நீங்கள்தான் ஓட்டினீர்கள். ஏசியை அன்று போடவில்லை, எரிபொருள் மிச்சம் பிடிக்கிறேன் என்றீர்கள். திடீரென்று "மேகத்துக்குள்ள வந்துட்டோம் சுரே" என்றீர்கள். நான் வெளியே பார்த்தேன். பளிங்கு மாதிரி வானம். கீழே ஒரு எருமை நின்று மேய்வது கூடத் தெரிந்தது. "மேகம் இல்லீங்க" என்றேன். நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். பிறகு மெல்லக் கையை எடுத்து, "நீ புடிச்சுக்க" என்றீர்கள். பயப்படவில்லை, கோபப்படவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றுவது மாதிரி என்னிடம் தந்தீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த அன்பை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும்தான்.

அதற்குப் பிறகும் போன ஆகஸ்ட் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். ஏசி உங்கள் முகத்துக்கு நேரே. பின்னால் பயணிகள் தூங்கிப்போவார்கள். குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே பளபளக்கும். நீங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வீர்கள், தெரியாததற்கு நீங்களே பெயர் வைப்பீர்கள். இறங்கவே மனசு வராது. நாம் செத்து எங்கோ நல்ல இடத்துக்குப் போய்விட்டோமோ என்று கூட எனக்கு ஒருநாள் தோன்றியது.

பிறகு ஒருநாள் நான் பறந்துவிட்டு வருகிறேன், வீட்டில் நீங்கள் இல்லை. ஒரு பை இல்லை. "மலைக்குப் போறேன், குளிர் ஒத்துக்கும்" என்று அடுத்த வீட்டு தினுஷாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் என்ன செய்தேன் துஷி? "நீயும் வா" என்று கூட நீங்கள் என்னைக் கேட்கவில்லை. ஏசி இருந்தால் நீங்கள் திரும்பி வரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அதையும் கழற்றச் சொல்கிறீர்கள். அது எனக்குக் கதவைச் சாத்துவது மாதிரிதான் கேட்கிறது.

உண்மையான காரணத்தை எழுதுங்கள். அதுவரை நான் ஹாஜியாருக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சுரேகா


ரத்தோட்டைக்கு மேலே,
7 பெப்ரவரி 2025

சுரே,

இதை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். வெளியே மழையா பனியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருக்கிறது. கிருஷ்ணம்மா அக்கா விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எழுதித் தொலைடா, மூஞ்சப் பாக்க சகிக்கல" என்று சொல்லிப் போய்விட்டார்.

போன ஜூலை. காற்றே இல்லாத மத்தியானம். பின்னால் ஒரு புருஷன் பெண்சாதி, அவர்களுடைய சின்னப் பெண். நீ ஓட்டுகிறாய், நான் பக்கத்தில். ஓடுபாதையின் முனையில் திரும்பி நிற்கும்போதே எனக்குக் கண் போய்விட்டது. ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டேன். நீ என் பக்கம் திரும்பியது தெரிந்தது.

எழும்பும்போது ஏசியை நிறுத்த வேண்டும். அது இன்ஜினின் பலத்தைக் குடிக்கும். புறப்படும் முன் நாம் வாய்விட்டுச் சொல்லும் வரிசையில் அதுவும் ஒன்று, நித்திரையிலும் சொல்வோம். நீயும் சொன்னாய். "ஏசி ஓஃப்" என்றாய். ஆனால் சுரே, என் முகத்தில் குளிர் நிற்கவில்லை.

நாம் ஓடினோம். இன்ஜின் முனகியது எனக்குக் கேட்டது. பாலை மரங்கள் பச்சைக் கறையாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. கண் தெரியாதவனுக்கே அவை கிட்ட என்று தெரிந்தது. சக்கரத்தில் ஏதோ உரசியதா, என் நெஞ்சில் உரசியதா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் அந்தச் சின்னப் பெண் கை தட்டினாள்.

நிறுத்து என்று நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அந்தக் குளிர் எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

நீ நல்ல விமானி, என்னைவிட. ஆனால் நான் பக்கத்தில் இருந்தால் நீ விமானி இல்லை, பெண்சாதி. ஏசி இருந்தால் நான் வருவேன், எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. நான் வந்தால் நீ மறுபடி அதை நிறுத்தாமல் விடுவாய். அதனால்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் அங்கேயே தங்கியிருப்பேன்.

கழற்று.

துஷி


கலேவெல,
12 பெப்ரவரி 2025

கிடைத்தது. படித்தேன். இப்போது பதில் எழுத முடியாது.

சு.


ரத்தோட்டைக்கு மேலே,
24 பெப்ரவரி 2025

சுரே,

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நீ பயணிகளை மலைக்கு மேலே சுற்றிக்கொண்டு போவாய் அல்லவா? ஒன்பதரை போல இந்தப் பக்கம் சத்தம் வரும். பனிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல். நான் பேனையை வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன். ஏலக்காய் பிரிக்கும் பெண்களுக்கெல்லாம் தெரியும். "ஐயாவோட சம்சாரம் போறாங்க" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். கிருஷ்ணம்மா அக்கா அண்ணாந்து பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று சத்தத்தைப் பார்த்துக் கேட்பார். நான் சிரிப்பேன். ஒருநாள் நானும் கேட்டேன், ஆளில்லாத நேரம் பார்த்து.

இரண்டு செவ்வாயாகச் சத்தம் வரவில்லை.

முதல் கிழமை மழை என்று நினைத்தேன். போன கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்க நான் எழுதிய தொகை ஒன்றும் சரிவரவில்லை. இரவு ஒரு கனவு. விமானம் எங்கள் முற்றத்தில் நிற்கிறது, சக்கரம் பனிக்குள் மறைந்திருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. கதவைத் திறந்தால் குளிர் தண்ணீர் மாதிரி வழிந்து என் காலை நனைக்கிறது. நான் உன்னைக் கூப்பிடுகிறேன், நீ இன்ஜின் பக்கமிருந்து "இருங்க, வாறேன்" என்கிறாய். விழித்துவிட்டேன்.

நான் எழுதியது உன்னைப் புண்படுத்தியிருந்தால் திட்டி எழுது. நீ திட்டுவதை நான் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியவில்லை.

துஷி


கலேவெல,
2 மார்ச் 2025

துஷிக்கு,

பயப்படாதீர்கள். பரிசோதனைக்காக விமானத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், அதனால்தான் சத்தம் வரவில்லை. நான் எழுதாததற்குக் காரணம் அது இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று, இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். நான் நிறுத்தினேன், சுவிட்ச்தான் பழுது என்று எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு, அவசரத்தில் கை மறந்துவிட்டது என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். கை மறக்கவில்லை. சுவிட்சைத் தொட்டேன். உங்கள் தலையில் அந்தத் துவாய், அதிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டுகிறது. நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எதையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். கை திரும்பி வந்துவிட்டது. வாய் மட்டும் சொன்னது.

உங்களுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் சின்னப் பெண் இறங்கும்போது எனக்கு ஒரு டொஃபி தந்தாள். அதை நான் தின்னவில்லை, வீசவும் முடியவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், நீங்கள் அடுத்த அறையில் இருந்தீர்கள்.

இதையெல்லாம் எழுதுவதற்கே இவ்வளவு நாள் பிடித்தது. ஆனால் அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதே மத்தியானம் நாளைக்கு மறுபடி வந்து, நீங்கள் அதே துவாயோடு பக்கத்தில் உட்கார்ந்தால், என் கை மறுபடியும் திரும்பி வரும். எத்தனை முறை யோசித்தாலும் வருகிறது. நான் விமானம் நிறுத்தும் ஹங்கருக்குத் தனியாகப் போய் இருக்கையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். பக்கத்து இருக்கையில் உங்களை நினைத்துக்கொண்டு சுவிட்சை நிறுத்தப் பார்த்தேன். வெறும் நினைப்புக்கே முடியவில்லை.

அதனால் கழற்றச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

அதைக் கழற்ற மட்டும் இன்ஜினியர் இரண்டு நாள் வேலை செய்தார். குழாய்களை இழுத்து எடுக்கும்போது நான் பார்க்காமல் வெளியே போய் நின்றேன். ஹாஜியார் வந்து, "இதுக்கா மகள் இவ்வளவு நாள் யோசிச்சீங்க?" என்று அந்தப் பெட்டியைக் காலால் தட்டினார். எனக்கு வந்த கோபத்தில் "தட்டாதீங்க ஹாஜியார்" என்று கத்திவிட்டேன். மனுஷன் மிரண்டு போய், பிறகு ஹோட்டலிலிருந்து எனக்கு புரியாணி அனுப்பினார்.

இன்று மத்தியானம், வேண்டுமென்றே வெயில் உச்சத்தில், ஆளில்லாமல் ஏற்றிப் பார்த்தேன். பாலை மரங்கள் எங்கோ கீழே கிடந்தன. காற்றுத் துவாரத்தைத் திறந்துவிட்டேன். முதலில் வயல் சூடு, வைக்கோல் வாசம். ஏற ஏற மெல்லக் குளிர்ந்தது. மலை நீலமாகக் கிட்ட வந்தபோது கைமயிர் சிலிர்த்தது. இந்தக் குளிர் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். இனி நீங்கள் அதில் உட்கார மாட்டீர்கள். அது நல்லதுக்குத்தான் என்று சொல்லி நான் மழுப்பப் போவதில்லை.

உங்கள் சுரே


ரத்தோட்டைக்கு மேலே,
11 மார்ச் 2025

சுரே,

இன்று செவ்வாய். நீ போனாய்.

சத்தம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் மலையை ஏறும்போது ஒரு இழுப்பு இருக்கும், மூட்டை தூக்கியவன் மூச்சு மாதிரி. இன்று அது இல்லை. லேசாக ஏறிப் போனாய். நான் ஸ்டோர் வாசலில் எல்லார் முன்னாலும் அழுதேன். பெண்கள் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கா வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்னடா இது, வெயிலு கூட இல்லயே" என்றார்.

அந்த இருக்கையை நானும்தான் இழந்தேன். கழற்று, கழற்று என்று வீராப்பாக எழுதியவன், கழற்றிவிட்டாய் என்று படித்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதை உனக்குச் சொல்லாவிட்டால் நான் பெரிய தியாகி என்று நினைத்துவிடுவாய்.

ராத்திரி அக்கா பிடித்துக்கொண்டார். "அவ வந்தா ஒனக்கு ஆவாதா? இல்ல, அவளுக்கு இந்த மல ஆவாதா?" என்றார். அவளுக்கு வேலை அங்கே அக்கா, வாரத்தில் நாலு நாள் பறப்பு என்றேன். "மிச்ச நாளு?" என்றார்.

எப்போதும் உன் இடத்துக்கு நான் வருவதா, வராமல் இருப்பதா என்பதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுவது என்றும் இருந்தது. நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதைப் படிப்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று நினைத்தேன். கோழை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது கேட்கிறேன். நீ வா. இந்த அறை சின்னது, கூரையில் ஒரு ஓட்டில் ஒழுக்கு. மத்தியானத்திலும் போர்வை வேண்டும். ஆனால் இங்கே எந்த நேரத்திலும் எனக்கு உன் முகம் தெளிவாகத் தெரியும்.

வாரத்தில் இரண்டு நாளாவது. வருவாயா?

துஷி


14 மார்ச் 2025

துஷிக்கு,

இடம் எழுதவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. பல்லேபொல தாண்டிவிட்டோம் என்கிறார் நளீம் நானா. லொறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு முட்டைக்கோவாவை வைத்து அதன் மேல் கடதாசியை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் ரோட்டைத் திட்டுங்கள். இவ்வளவு நாளும் கடிதத்தைத்தான் தந்தேன், இன்றைக்கு ஆளையே ஏற்றச் சொன்னதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். "கவருக்குக் காசு வாங்கல தங்கச்சி, ஒங்களுக்கு மட்டும் வாங்குவேனா?" என்கிறார்.

ஹாஜியாரிடம் சனியும் ஞாயிறும் பறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்தார். மலைக்குப் போகிறேன் என்றேன். பிறகு உள்ளே போய் உங்களுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்துவிட்டிருக்கிறார்.

ஏழு மாதமாக என்னைக் கேட்காததற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். வந்து சண்டை பிடிப்பேன், அக்கா முன்னாலேயே பிடிப்பேன். அதையெல்லாம் எழுதப் போனால் கடதாசி காணாது.

இதைத் தப்பால்காரரிடம் கொடுக்க மாட்டேன். கதவுக்குக் கீழே நானே தள்ளிவிட்டு நிற்பேன். படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் சீக்கிரம் திறங்கள். நான் கம்பளி ஒன்றும் கொண்டுவரவில்லை, வெளியே குளிருகிறது.

சுரே